மொறிஸ் மைனர் 1098 இஞ்சின் திரும்பக் கட்டுறது: றோட்டு ஓட்டத்துக்கு எந்தக் கேம்ஷாஃப்ட்?

கொக்குவில் மைனர் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மொறிஸ் மைனர் 1000, 1098 சிசி இஞ்சின். முழுக்க இறக்கிக் கழட்டியாச்சு. 40 தௌ (ஒரு தௌ எண்டால் அங்குலத்தில ஆயிரத்தில ஒண்டு) ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு பிளொக்கை போர் பண்ணக் குடுத்திருக்கு. கிராங் 10 தௌ அண்டர்சைஸ். கேமில (வால்வுகளைத் திறக்கிற தண்டில) மூண்டு லோப்பின்ர (புடைப்பின்ர) மூக்கு மழுங்கிப் போச்சு, அந்த ஃபொலோவர்களின்ர (லோப்பில உரசி மேல எழும்புற துண்டுகளின்ர) அடியில குழி குழியா இருக்கு. அதால கேம் எப்பிடியும் மாத்தத்தான் வேணும். மாத்திறதுதான் மாத்திறம், கொஞ்சம் இழுவை கூடின கேமாப் போடுவமோ எண்டு கேக்கிறன்.

மற்றதெல்லாம் கொம்பனிச் சாமான் (கார் வந்தபடி): ஹெட், ஒண்டேகால் அங்குல எஸ்யூ எச்எஸ்2 காபரேற்றர், இரும்பு மனிஃபோல்ட், 4.22 டிஃப் (பின் அச்சுப் பல்விகிதம்), 14 அங்குல ரயர். பெற்றோல் 92தான். கிழமை நாளில ரவுணுக்குள்ள, மாதத்தில ஒருக்கா ஏ9 றோட்டால வவுனியா வரைக்கும்.

கென்ட் 256, 266, 276 எண்டு மூண்டு பேர் காதில விழுந்திருக்கு. ஒருத்தர் 276 போடு, காசு ஒண்டுதானே எண்டுறார். இன்னொருத்தர் பழைய கேமையே ரீகிரைண்ட் பண்ணு எண்டுறார். வால்வு ஸ்பிறிங்கும் மாத்தோணுமோ?

---

வவுனியா கராஜ் எழுதியது:

தம்பி, கேமைப் பாக்க முதல் இஞ்சின் எத்தினை ஆர்பிஎம்மில ஓடப்போகுது எண்டு ஒரு கணக்குப் போடுங்கோ. 4.22 டிஃப், 14 அங்குல ரயர் எண்டால் டொப் கியரில ஆயிரம் ஆர்பிஎம்முக்குக் கிட்டத்தட்ட 26 கிலோமீற்றர் வேகம். ஏ9 இல சட்டப்படி 70இல போனால் 2700 ஆர்பிஎம். ரவுணுக்குள்ள மூண்டாம் கியரில 1500 தொடக்கம் 2500. முந்தேக்க ஒரு நிமிசம் 4000 தொடும். அவ்வளவுதான் உங்கட இஞ்சின்ர வாழ்க்கை. 276 உயிர் பெறுறதே அந்த 2500, 3000க்குப் பிறகு. காசு ஒண்டுதான், ஆனால் நீங்கள் வாங்கிற சக்தி நீங்கள் போகாத இடத்தில இருக்கு.

அதோட 1098 கிராங் 83.72 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக். இந்த ஏ-சீரிஸ் குடும்பத்திலயே ஆகக் கூடினது அது, 1275க்குக் கூட 81.28தான். மெயின் பெயாரிங் மூண்டுதான். 5500ஐத் தாண்டி அடிக்கடி முறுக்கினால் கிராங் வளைஞ்சு நெளிஞ்சு நடு மெயினை முதல்ல திண்டு முடிக்கும். அதால மேல இழுக்கிற கேம் இந்த இஞ்சினுக்கு இல்லை.

இப்ப டிகிரிக் கணக்கு. கொம்பனிக் கேமில இன்லெட் வால்வு டொப் டெட் சென்டருக்கு (டிடிசி, பிஸ்டன் ஆக மேல நிக்கிற இடம்) 5 டிகிரி முன்னம் திறந்து, பொட்டம் டெட் சென்டருக்கு (பிடிசி, ஆகக் கீழ நிக்கிற இடம்) 45 டிகிரி பிறகு மூடும். 5 + 180 + 45 = 230. கென்ட் பேரில இருக்கிற எண் ஏறத்தாழ இந்தத் திறந்திருக்கிற டிகிரிதான் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. சரியான எண் கேமோட வாற காட்டில (அளவு அச்சடிச்ச அட்டையில) இருக்கும். லோப்பின்ர உச்சி 106 டிகிரியில எண்டு வைச்சால் இன்லெட் மூடுறது 256க்கு 54இல, 266க்கு 59இல, 276க்கு 64இல.

மூடுறது பிந்தப் பிந்த என்ன நடக்கும்? பிஸ்டன் மேல வரேக்க வால்வு இன்னும் திறந்தபடி. உள்ள வந்த பெற்றோல் காத்தில ஒரு பங்கு திரும்பிக் காபரேற்றர் பக்கம் போகும். வால்வு மூடின பிறகு மிச்சமிருக்கிற ஸ்ட்ரோக்தான் உண்மையா அமத்துறது. 1098இன்ர ஸ்ட்ரோக்கையும் 5.75 அங்குலக் கொனெக்டிங் ரொட்டையும் வைச்சுக் கணக்குப் பாத்தால், கொம்பனிக் கேமில ஸ்ட்ரோக்கில 89 சதவீதம் மிஞ்சுது. 256இல 84, 266இல 81, 276இல 78.

8.5 கொம்பிரஷன் (அமத்த விகிதம்) இஞ்சினில இதின்ர அர்த்தம்: வால்வு மூடின இடத்திலயிருந்து எண்ணினால் கொம்பனிக் கேமில 7.7, 256இல 7.3, 266இல 7.1, 276இல 6.8. ஹெட்டில கை வைக்காமல் 276 போட்டால் ரெண்டாம் கியரில ஏத்தம் ஏற மாட்டன் எண்டு நிண்டு அடம்பிடிக்கிறது இதாலதான். பழைய 7.7ஐத் திருப்பி எடுக்கிறதெண்டால் 256க்கு 8.9, 266க்கு 9.2, 276க்கு 9.6 கொம்பிரஷன் வேணும். இரும்பு ஹெட், எங்கட வெக்கை, 92 பெற்றோல்: 9.6 எண்டால் ஏத்தத்தில கல்லுக் குலுக்கினமாதிரி நொக் பண்ணும். 95 அடிச்சால் தப்பலாம், ஆனால் மாதச் செலவைப் பாருங்கோ.

இந்த ஹெட்டுக்கெண்டே இன்னொரு சிக்கலும் இருக்கு. இன்லெட் போர்ட் ரெண்டுதான். 1ம் 2ம் சிலிண்டர் ஒரு ஓட்டையில குடிக்குது, 3ம் 4ம் மற்றதில. ஃபயரிங் ஓடர் (சிலிண்டர் வெடிக்கிற ஒழுங்கு) 1-3-4-2. அதாவது 2 குடிச்சு 180 டிகிரியில 1 குடிக்கத் தொடங்கும். பிறகு 540 டிகிரிக்கு அந்தப் போர்ட் சும்மா கிடக்கும். கொம்பனிக் கேமில அந்த ரெண்டு இன்லெட் வால்வும் ஒண்டாத் திறந்திருக்கிறது 50 டிகிரி. 256இல 76. 276இல 96. அந்த நேரம், ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிற காத்தை வெளிச் சிலிண்டர் இழுத்து, உள்ளுக்கு இருக்கிற 2ன்ரயும் 3ன்ரயும் பங்கைத் திண்டிடும். ஐடிலிங் ஆடுறதும், பிளக் கழட்டினால் ரெண்டு கறுப்பு ரெண்டு வெள்ளையா இருக்கிறதும் இதில பாதிதான் காபரேற்றரின்ர பிழை.

என்ர முடிவு: ஹெட் கொம்பனி ஹெட், காபரேற்றர் எச்எஸ்2 எண்டால் 256. ஹெட் மாத்தி, ஒண்டரை அங்குல எச்எஸ்4 போட்டு, கொம்பிரஷன் 9.2க்குக் கொண்டு வாறதெண்டால் 266ஐ யோசிக்கலாம். 276 இந்தக் காருக்கு வேண்டாம்.

---

லேத்துக்காரன் எழுதியது:

மேல சொன்னதோட ஒத்துப்போறன். ஓடர் பண்ண முதல் பாக்க வேண்டியதுகளைச் சொல்லுறன்.

முதலாவது ஒயில் பம்ப் டிரைவ். கேமின்ர பின் நுனிதான் பம்பைச் சுத்துது. அந்த நுனி மூண்டு விதமா வரும்: குறுக்க ஊசி போட்டது, நட்சத்திரக் கப்ளிங் போட்டது, நாக்கும் காடியும் உள்ளது. 1098 மைனரில வாறது ஊசி. வேற நுனியோட கேம் வந்தால் பம்பில பூராது. கேமும் பம்பும் ஒரே வகை எண்டு எழுதிக் கேட்டு வாங்குங்கோ. மலிவாக் கிடைக்குது எண்டு எம்ஜி மெட்ரோக் காரின்ர கேமைக் கனபேர் தூக்கிக்கொண்டு வருவினம். கேம் நல்ல கேம்தான், ஆனால் அது காடி நுனி.

ரீகிரைண்ட்: உங்கட கேமில மூக்கு மழுங்கியிருக்கு எண்டுறியள். மழுங்கின மூக்கில உலோகத்தை ஏத்தேலாது. சுத்திவர அடிவட்டத்தை (லோப்பில மூக்கில்லாத வட்டப் பகுதியை) கடைஞ்சு சிறுப்பிச்சுத்தான் மூக்கை உயர்த்திக் காட்டலாம். லோப்பின்ர மேல் தோல் மட்டும்தான் கடினம். அதைத் தாண்டிக் கடைஞ்சால் உள்ள மெத்து. ரெண்டாயிரம் கிலோமீற்றரில மூக்கு திரும்பவும் போகும், போற நேரம் அரைச்ச தூளை முழு இஞ்சினுக்கும் ஒயிலோட அனுப்பிப்போட்டுப் போகும். அடிவட்டம் குறைஞ்சால் ஃபொலோவர் கீழ இறங்கும், ரொக்கர் (வால்வை அமத்துற கை) அட்ஜஸ்டர் முழுக்கக் கீழ வரும், புஷ்ரொட் (ஃபொலோவருக்கும் ரொக்கருக்கும் இடையில நிக்கிற தண்டு) கோணம் மாறும். லோப் நல்லா இருக்கிற கேம், கடைஞ்ச பிறகு கடினப்படுத்தி, மேல பொஸ்பேட் பூச்சுக் குடுக்கிற இடம் எண்டால் ரீகிரைண்ட் பிழையில்லை. உங்கட கேமுக்கு இல்லை.

ஃபொலோவர் எட்டும் புதுசு. இதில பேரம் பேச ஒண்டுமில்லை. ஃபொலோவரின்ர அடி தட்டையாத் தெரியும், ஆனால் தட்டை இல்லை. நடு கொஞ்சம் மேடு. லோப்பும் நேரா இல்லை, ஒரு பக்கம் நூலளவு சரிவு. அந்த ரெண்டும் சேர்ந்துதான் ஃபொலோவரைச் சுழல வைக்குது. சுழண்டால் தேய்மானம் பரவும். சுழலாட்டில் ஒரே கோட்டில உரசி, நீங்கள் பாத்த அந்தக் குழிதான். புது ஃபொலோவர் ரெண்டை எடுத்து அடியோட அடி வைச்சு வெளிச்சத்தில பாருங்கோ: நடுவில முட்டி, ஓரத்தில மயிரிழை வெளிச்சம் தெரியோணும், கையில மெல்ல ஆடோணும். ஒட்டிப் பிடிச்சுக்கொண்டு நிண்டால் அந்தப் பெட்டியைத் திருப்பிக் குடுங்கோ. பழைய ஃபொலோவர் பழைய லோப்போடதான் சீவிக்கும், புதுக் கேமுக்குக் கீழ போடக்கூடாது.

ஸ்பிறிங்: 256க்குப் புதுக் கொம்பனி ஸ்பிறிங் போதும். றேஸ் ஸ்பிறிங் போட்டால் லோப்பில அமத்தம் கூடும், பழகிற காலத்திலயே கேம் போகும். ஆனால் அளந்து பாருங்கோ. கொம்பனி லிஃப்ட் சுமார் 8 மில்லிமீற்றர், புதுக் கேமில அதைவிடக் கூட வரும். வால்வு முழுக்கத் திறந்த நிலையில ஸ்பிறிங் சுருளுக்கிடையில மொத்தம் 1 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இடைவெளி, ஸ்பிறிங் தொப்பிக்கும் வால்வு கைட்டின்ர தலைக்கும் இடையில 1.5 மில்லிமீற்றர். ஹெட் கையில இருக்கேக்கையே எக்ஸோஸ்ட்டுக்குக் கடின சீற் போடுங்கோ. ஈயமில்லாத பெற்றோலில மெத்தென்ற சீற் உள்ள இறங்கி, டப்பட் இடைவெளி (ரொக்கருக்கும் வால்வுக்கும் இடையில விடுற சந்து) தானாக் குறைஞ்சுகொண்டே வரும்.

கேமின்ர முன்பின் ஆட்டம் 3 தொடக்கம் 7 தௌ. முன் தட்டு தேய்ஞ்சிருந்தால் மாத்துங்கோ. ரொக்கர் ஷாஃப்டைத் தடவிப் பாருங்கோ, அடிப்பக்கத்தில படி தட்டுப்பட்டால் அதையும். காசு குடுத்து வாங்கின லிஃப்டில கொஞ்சத்தை அந்தத் தேய்ஞ்ச ஷாஃப்ட் விழுங்கிப்போடும்.

---

பழைய எஸ்யூ எழுதியது:

கேம் கேம் எண்டு எல்லாரும் நிக்கினம். 256க்கும் நல்ல நிலையில இருக்கிற கொம்பனிக் கேமுக்கும் கைக்குத் தெரியிற வித்தியாசம் பெரிசில்லை. அதே காசில எச்எஸ்4 காபரேற்றர், அதுக்கேத்த இன்லெட் மனிஃபோல்ட், மூண்டு குழாய் எக்ஸோஸ்ட் மனிஃபோல்ட் போட்டால் இழுவை கூடத் தெரியும். பிறகு நினைச்சாலும் அதுகளை இஞ்சின் இறக்காமல் மாத்தலாம்.

---

வவுனியா கராஜ் எழுதியது:

உண்மை. ஆனால் அவருக்குக் கேம் எப்பிடியும் வாங்க வேணும், அதால 256க்கு மேலதிகச் செலவு கொஞ்சம்தான். இஞ்சின் இறக்கினால்தான் கேம் மாத்தலாம். காபரேற்றர் அடுத்த வருசமும் மாத்தலாம். நீங்கள் சொல்லுற ஒழுங்கைத் திருப்பிப் போட்டால் சரி.

---

கொக்குவில் மைனர் எழுதியது:

நன்றி அண்ணைமார். பம்ப் ஊசி வகைதான். 256 எண்டு முடிவு. ஹெட்டை சிரிஞ்சால நிரப்பி அளந்தனான்: சேம்பர் (எரியிற அறை) 27.0 சிசி, நாலும் அரை சிசிக்குள்ள ஒத்து வருது. பிஸ்டன் மேல் பள்ளம் 4.5 சிசி. பிஸ்டன் டிடிசியில பிளொக் மேல்மட்டத்துக்கு 20 தௌ கீழ நிக்கும் எண்டு லேத்தில சொல்லிச்சினம். அமந்த காஸ்கட் 0.8 மில்லிமீற்றர், ஓட்டை 68 மில்லிமீற்றர். ஹெட் எவ்வளவு பிளேன் பண்ணோணும்? 12ஜி295 ஹெட் ஒண்டும் விலைக்கு வந்திருக்கு, எடுக்கிறதோ?

---

வவுனியா கராஜ் எழுதியது:

அளந்து கேட்டதுக்கு முதல்ல ஒரு நன்றி. கனபேர் "எத்தினை தௌ எடுக்க" எண்டுதான் கேப்பினம், அளவு ஒண்டும் சொல்ல மாட்டினம்.

40 தௌ போர் பண்ணினால் விட்டம் 65.6 மில்லிமீற்றர், ஒரு சிலிண்டர் 283 சிசி. பிஸ்டனுக்கு மேல மிஞ்சுறது: சேம்பர் 27.0, பள்ளம் 4.5, காஸ்கட் 2.9, அந்த 20 தௌ 1.7. மொத்தம் 36.1. ஆகவே 283ஐ 36.1ஆல பிரிச்சு ஒண்டு கூட்டினால் 8.84. பாத்தியளோ, போர் பண்ணினதிலயே கொம்பிரஷன் கொஞ்சம் ஏறிட்டுது.

256க்கு 8.9 வேணும் எண்டன். 92 பெற்றோலுக்கு நான் 9.0இல நிப்பாட்டுவன். 9.0 எண்டால் மேல மிஞ்ச வேண்டியது 283 / 8 = 35.4. குறைக்க வேண்டியது வெறும் 0.7 சிசி. சேம்பரை 26.3க்குக் கொண்டு வந்தால் முடிஞ்சுது. ஹெட்டைத் தலைகீழா மட்டமா வைச்சு, பிளக் பூட்டி, வால்வைக் கிரீஸ் பூசி இருத்தி, ஒரு சேம்பருக்குள்ள சரியா 26.3 சிசி மண்ணெண்ணெய் விடுங்கோ. மேல்மட்டத்தில இருந்து நீர்மட்டம் எவ்வளவு கீழ நிக்குதோ, அவ்வளவுதான் பிளேன் பண்ணோணும். 12 தௌ அளவில வரும். நெளிவு எடுக்க லேத்தில எப்பிடியும் அவ்வளவு எடுப்பினம். வேற ஒண்டும் வேண்டாம்.

12ஜி295 நல்ல ஹெட். இன்லெட் வால்வு பெரிசு, போர்ட்டும் நல்லது. கொம்பனி அளவில சேம்பர் 28.3 சிசி, அப்ப உங்கட பிஸ்டனோட 8.57தான் வரும், 9.0க்கு 2 சிசி குறைக்கோணும். ஆனால் பழைய ஹெட், முதல் ஆக்கள் எத்தினை தரம் பிளேன் பண்ணினதோ ஆருக்குத் தெரியும். வாங்க முதல் அளவுங்கோ, எக்ஸோஸ்ட் வால்வு ரெண்டு பக்கத்தில வாற நடு எக்ஸோஸ்ட் போர்ட்டுக்குக் கிட்ட வெடிப்புப் பாருங்கோ. 1275இன்ர 12ஜி940 ஹெட்டை இந்த பிளொக்கில வைக்கச் சொல்லி ஆரும் வந்தால் விடாதேங்கோ. எக்ஸோஸ்ட் வால்வு பிளொக்கின்ர விளிம்பில முட்டும், பிளொக்கில குழி கடைய வேணும்.

எந்த ஹெட் எண்டாலும் கடைசியாப் பூட்ட முன்னம் களிமண் சோதனை செய்யுங்கோ. பிஸ்டன் மேலயும் வால்வுக்கு நேரா பிளொக் ஓரத்திலயும் பிளாஸ்டிசின் ஒட்டி, பழைய காஸ்கட்டோட ஹெட்டை இறுக்கி, டப்பட் இடைவெளியைச் சரிபண்ணிக் கையால ரெண்டு சுத்து. கழட்டி வெட்டிப் பாத்தால் மெல்லிய இடத்திலயும் 1.5 மில்லிமீற்றர் இருக்கோணும்.

---

டிகிரித் தட்டு எழுதியது:

கேம் உள்ள போற நேரத்துக்கு நான் வாறன். புள்ளியும் புள்ளியும் பாத்து செயின் பூட்டிறது கொம்பனிக் கேமுக்குச் சரி. புதுக் கேமில அந்தப் புள்ளி 3, 4 டிகிரி பிழைக்கலாம், ஏனெண்டால் கேமின்ர சாவிக்காடி, கிராங் சாவிக்காடி, ரெண்டு கியர், செயின் எண்டு அஞ்சு பிழையும் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறுது. 4 டிகிரி பிந்தினால் 256 வாங்கினது 266 மாதிரிக் கீழ இழுவை இல்லாமல் நடக்கும்.

கொம்பனிச் செயின் ஒற்றை வரிசை, கேம் கியரில ரப்பர் வளையம் வைச்சது. ரப்பர் இறுகிப்போனால் செயின் சலசலக்கும், டைமிங் ஆடும். இரட்டைவரிசைச் செயின் செற் போடுங்கோ. ஒரு விசயம் கவனம்: செயினுக்குப் பின்னால முன் தட்டைப் பிடிக்கிற ரெண்டு போல்டின்ர தலை இரட்டைச் செயினில முட்டும். அந்த ரெண்டு ஓட்டையையும் தட்டில சாய்வாக் குடைஞ்சு, தலை அமுங்கிற ஸ்குரூ போடோணும். முட்டிக்கொண்டே ஓடினால் செயின் போகும்.

அளக்கிறது இப்பிடி. ஹெட் போட முதல், டிகிரித் தட்டைக் கிராங்கின்ர முன் நுனியில பூட்டி, கம்பியை வளைச்சு முள்ளு வையுங்கோ. 1ம் பிஸ்டன் மேல டயல் கேஜ். பிஸ்டன் உச்சிக்குப் போக 50 தௌ இருக்கேக்க ஒரு வாசிப்பு, உச்சி தாண்டி 50 தௌ இறங்கினவுடன ஒரு வாசிப்பு. ரெண்டுக்கும் நடுதான் உண்மையான டிடிசி. உச்சியில பிஸ்டன் சில டிகிரிக்கு அசையாமல் நிக்கும், அதால கண்ணால பாத்து டிடிசி எடுக்கேலாது.

பிறகு ஃபொலோவர், புஷ்ரொட் போட்டு 1ம் சிலிண்டர் இன்லெட்டில கேஜை வையுங்கோ. முன்னுக்கு இருந்து எண்ணினால் ரெண்டாவது அது. வரிசை எக்ஸோஸ்ட், இன்லெட், இன்லெட், எக்ஸோஸ்ட், பிறகு அதே வரிசை திரும்ப. உச்ச லிஃப்டில கேஜைப் பூச்சியமாக்கி, உச்சிக்கு 5 தௌ முந்தி எத்தினை டிகிரி, 5 தௌ பிந்தி எத்தினை டிகிரி எண்டு பாருங்கோ. உதாரணத்துக்கு டிடிசிக்குப் பிறகு 77ம் 139ம் வந்தால் நடு 108. காட்டில 106 எண்டு இருந்தால் கேம் 2 டிகிரி பிந்தி நிக்குது. ஓஃப்செற் சாவி போட்டு முந்த வைச்சு, திரும்ப அளவுங்கோ. சாவியை மறுபக்கம் திருப்பிப் போட்டால் 2 பிந்தினது 4 பிந்தும், அதால பூட்டினாப் பிறகு அளக்காமல் மூடக்கூடாது. எப்பவும் இஞ்சின் ஓடுற பக்கமாத்தான் சுத்த வேணும். தாண்டிப் போனால் கால் சுத்து பின்னுக்கு எடுத்துத் திரும்ப வாங்கோ, இல்லாட்டில் செயின்ர தொய்வு கணக்கில ஏறும்.

ரவுண் ஓட்டம் எண்டால் காட்டில உள்ளதைவிட 1, 2 டிகிரி முந்தி நிண்டால் நல்லது. செயின் தேயத் தேய அது தானாப் பிந்தி வந்து சேரும்.

இன்னொண்டு: வேற வேற தயாரிப்பாளரின்ர கேமை டிகிரி எண்ணால ஒப்பிடாதேங்கோ. ஒருத்தன் வால்வு அசையிற கணத்தில இருந்து எண்ணுவான், மற்றவன் கொஞ்சம் தூக்கின பிறகு எண்ணுவான். 50 தௌ லிஃப்டில எத்தினை டிகிரி எண்டு ரெண்டு பேரும் குடுத்தால்தான் ஒப்பிடலாம்.

---

கொக்குவில் மைனர் எழுதியது:

விளங்குது. கடைசியா, முதல் ஸ்டார்ட்டும் ஒயிலும். 2000 ஆர்பிஎம்மில 20 நிமிசம் எண்டுறது உண்மையோ? புது இஞ்சினை மெல்ல ஐடிலில விடச் சொல்லியும் ஆக்கள் சொல்லுகினம்.

---

லேத்துக்காரன் எழுதியது:

ஐடிலில விட்டால் கேம் சாகும். இந்த இஞ்சினில லோப்புக்கெண்டு தனி ஒயில் குழாய் இல்லை. பெரும்பாலும் கிராங் சுழண்டு வீசி அடிக்கிற ஒயில்தான். ஐடிலில வீச்சுக் குறைவு, ஸ்பிறிங் அமத்தம் மட்டும் மூக்கில முழுசா நிக்கும். 2000க்கும் 2500க்கும் இடையில கூட்டிக் குறைச்சுக்கொண்டு 20 நிமிசம், அதுதான் சரி.

அதுக்கு முந்தின வேலைதான் முக்கியம். லோப் எல்லாத்திலயும் ஃபொலோவர் அடியிலயும் கேமோட வாற மொலிப் பேஸ்ட் தடிப்பாப் பூசுங்கோ. ஃபொலோவர் பக்கச்சுவருக்கு வெறும் ஒயில், பேஸ்ட் பட்டால் ஓட்டையில சிக்கும். 1098இல பக்கத்தில கவர் ரெண்டு இருக்கிறது ஒரு வசதி, ஃபொலோவரை அதால போடலாம், எடுக்கலாம். பம்பைப் பூட்டேக்க உள்ளுக்கு வாசலின் அடைச்சு விடுங்கோ, வெறும் பம்ப் முதல்ல காத்தைத்தான் இழுக்கும். பிளக் நாலையும் கழட்டி, ஒயில் லைட் அணையும் வரைக்கும் ஸ்டார்ட்டரால சுத்துங்கோ. பத்து செக்கன் சுத்து, ஒரு நிமிசம் விடு. ஒரு நிமிசச் சுத்தில அணையாட்டில் நிப்பாட்டிக் காரணத்தைப் பாருங்கோ. சும்மா சுத்திச் சுத்திப் பேஸ்டைத் துடைக்காதேங்கோ.

பூட்டின பிறகு ஒவ்வொரு புஷ்ரொட்டிலயும் வெள்ளைப் பெயின்றால ஒரு கோடு போட்டு, பிளக் இல்லாமல் கையால இஞ்சினைச் சுத்திப் பாருங்கோ. எட்டுக் கோடும் மெல்ல மெல்லத் திரும்போணும். ஒண்டு அசையாமல் நிண்டால் அந்த ஃபொலோவர் சுழலேல்லை. ஸ்டார்ட் பண்ணாதேங்கோ, கழட்டிப் பாருங்கோ. அஞ்சு நிமிச வேலை, ஒரு கேமைக் காப்பாத்தும்.

பற்றவைக்க முதல் டிஸ்ட்ரிபியூற்றர் டைமிங், காபரேற்றர் மிதவைக் கிண்ணத்தில பெற்றோல், ரேடியேற்றரில தண்ணி எல்லாம் ஆயத்தம். முதல் அடியில பிடிக்கோணும். ரேடியேற்றருக்கு முன்னால ஒரு மேசை மின்விசிறி. சூடு ஏறினால் ஐடிலுக்கு இறக்காதேங்கோ, நிப்பாட்டி ஆறவிட்டுத் திரும்ப 2000க்குக் கொண்டு போய் மிச்ச நிமிசத்தை ஓடுங்கோ.

ஒயில் 20டபிள்யூ-50 மினரல், சின்க் கூடினது. புதுக் கார்களுக்கெண்டு வாற மெல்லிய சிந்தெற்றிக்கில சின்க் குறைவு, இந்த மாதிரி உரசுற ஃபொலோவருக்குப் போதாது. 20 நிமிசம் முடிய ஒயிலையும் ஃபில்டரையும் மாத்துங்கோ, சம்பில 3.7 லீற்றர் அளவு பிடிக்கும். வடிச்ச ஒயிலுக்குள்ள காந்தம் விட்டுப் பாத்தால் கறுப்புப் பசை கொஞ்சம் ஒட்டும், அது சரி. மினுக்கமாச் சீவல் வந்தால் சரியில்லை. பிறகு 500 கிலோமீற்றரில ஒருக்கா மாத்துங்கோ.

---

பழைய எஸ்யூ எழுதியது:

இக்னிஷனையும் சொல்லுங்கோ. கேம் மாத்தினால் பழைய ஸ்டாற்றிக் எண் (இஞ்சின் ஓடாமல் வைக்கிற டைமிங்) பொருந்தாது. ஸ்ட்ரோப் லைட் பிடிச்சு, வக்யூம் குழாயைக் கழட்டி அடைச்சு, 4000இல பிளக் பத்துறது டிடிசிக்கு மொத்தம் 28 தொடக்கம் 30 டிகிரி முன்னம் வாறமாதிரி நிப்பாட்டுங்கோ. ஏத்தத்தில நொக் கேட்டால் 2 குறை. பிளக் பிபி6இஎஸ், இடைவெளி 25 தௌ. எச்எஸ்2 ஊசி கேமுக்குக் கொஞ்சம் மெலிவாப் போகலாம்: இஞ்சின் சூடானாப் பிறகு ஐடிலில காபரேற்றரின்ர பிஸ்டனைத் தூக்கியால மில்லிமீற்றர் அளவு தூக்கிப் பாத்தால் விளங்கும், இஞ்சின் அணைய வெளிக்கிட்டால் கலவை மெலிவு.

---

கொக்குவில் மைனர் எழுதியது:

டப்பட் 12 தௌதானே?

---

டிகிரித் தட்டு எழுதியது:

12 தௌ கொம்பனிக் கேமுக்கு, குளிர்ந்த இஞ்சினில. புதுக் கேமுக்குக் காட்டில என்ன இருக்கோ அது, கூட இருக்கலாம். பழக்கத்தில 12 வைச்சால் வால்வு முந்தித் திறந்து பிந்தி மூடும், நாங்கள் இவ்வளவு நேரம் அளந்த டிகிரி எல்லாம் மாறிப்போம்.

ஒன்பது கணக்கு மறக்காதேங்கோ: 8ம் வால்வு முழுக்கத் திறந்திருக்கேக்க 1ஐ, 7 திறந்திருக்க 2ஐ, 6க்கு 3, 5க்கு 4, பிறகு எதிர்ப்பக்கம். எப்பவும் கூட்டினால் 9. ரொக்கர் நுனியில வால்வு தட்டித் தட்டிக் குழி விழுந்திருந்தால் ஃபீலர் தகடு குழிக்கு மேலால பாலம் போட்டுப் போகும், தகடு 12 காட்டும், உண்மையில 16 இருக்கும். நுனியை மெல்லக் கல்லில தீட்டிப் போட்டு அளவுங்கோ. 20 நிமிச ஓட்டம் முடிஞ்சு இஞ்சின் ராத்திரி முழுக்க ஆறினாப் பிறகு ஹெட் நட்டுகளை ஒருக்கா ஒழுங்குப்படி டோர்க் பாத்து, அதுக்குப் பிறகு டப்பட். ஹெட் அமந்தால் இடைவெளி குறையும், அதால அந்த ஒழுங்கை மாத்தாதேங்கோ. 500 கிலோமீற்றரில ஒயில் மாத்தேக்க திரும்ப ஒருக்கா பாருங்கோ. எட்டில ஒண்டு மட்டும் தனியாக் கூடிக்கொண்டு போகுதெண்டால் அந்த லோப் போகுது எண்டு அர்த்தம், பக்கக் கவரைக் கழட்டி அந்த ஃபொலோவரின்ர அடியைப் பாருங்கோ.